நடு ஸ்க்ரூ மட்டும் ஏன் மொட்டையாகிறது?

கேள்வி: ஐயா, நான் தெமோதரைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் ஒருவரிடம் பழையதாக ஒரு சின்ன சீன லேத் (கடைசல் மெஷின்) வாங்கினேன். மேசை மேல் வைக்கிற ரகம், 12 அங்குல நீளம் கடையலாம். மாலையில் உட்கார்ந்து ரயில் இஞ்சின் மொடல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இப்போது வெட்டும் டூலைக் குறுக்காக நகர்த்துகிற குரொஸ் ஸ்லைட் ஆடுகிறது, கடைந்த இடம் வரிவரியாக வருகிறது. ஸ்லைட்டின் பக்கத்தில் உள்ள மூன்று சரிசெய்யும் ஸ்க்ரூவில் நடு ஸ்க்ரூவின் எலன் குழி மொட்டையாகி, கீ வழுக்குகிறது. லொக் நட்டை இறுக்கினால் ஸ்க்ரூவும் சேர்ந்தே சுற்றுகிறது. நீளவாக்கில் கடையும்போது ஸ்லைட் அசையாமலிருக்க அந்த நடு ஸ்க்ரூவைத்தான் இறுக்கிக்கொள்வேன், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுவேன். ஓட்டையைப் பெரிதாக்கி எம்5 டெப் போட்டு (5 மி.மீ. புரி வெட்டி) விடட்டுமா? அல்லது புது ஸ்லைட்டே வாங்குவது நல்லதா?

பதில்: மாஸ்டர், உங்கள் கடிதத்தில் நோயும் இருக்கிறது, நோய் வந்த வழியும் இருக்கிறது. வழியைத்தான் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். "நடு ஸ்க்ரூவைத்தான் இறுக்கிக்கொள்வேன்" என்ற அந்த வரி இல்லாவிட்டால் நானும் எம்5 டெப்புக்கு எந்த ட்ரில் என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருப்பேன். ஆறு மாதம் கழித்து எம்5உம் மொட்டையாகி, எம்6 போடட்டுமா என்று இன்னொரு கடிதம் வந்திருக்கும்.

அந்த ஸ்க்ரூவை நீங்கள் பிரேக் ஆக்கிவிட்டீர்கள். அதன் வேலை அதுவல்ல. ஸ்லைட்டைக் கழற்றினால் டவ்டெயிலின், அதாவது புறாவால் போல உள்நோக்கிச் சரிந்த ஓடுபாதையின், ஒரு பக்கத்தில் மெல்லிய இரும்புப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் ஜிப். மூன்று ஸ்க்ரூவும் மூன்று விரல் போல அந்தப் பட்டையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. எவ்வளவு தாங்கவேண்டும் என்பதற்கு, நீங்கள் கணக்கு மாஸ்டர் என்பதால், கணக்காகவே சொல்கிறேன். உங்கள் எம்4 (4 மி.மீ. தடிப்பான) ஸ்க்ரூவின் புரி இடைவெளி 0.7 மி.மீ. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்க்ரூ 0.7 மி.மீ. உள்ளே போகும். ஸ்லைட் ஆடாமலும் இறுகாமலும் ஓடுவதற்கு எண்ணெய்க்கு விடவேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.02 மி.மீ. அப்படியென்றால் சரியான நிலைக்கும் இறுகிப்போன நிலைக்கும் நடுவே இருப்பது பத்துப் பாகைத் திருப்பம். கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகர்கிற தூரத்தைவிடக் குறைவு. நீங்கள் ஸ்லைட்டைப் பிடித்துவைக்க ஒவ்வொரு முறையும் கால் சுற்றாவது திருகியிருப்பீர்கள். பட்டை வில் மாதிரி நடுவில் வளைந்து, விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் டவ்டெயிலை அழுத்துகிறது. அந்த இடத்தில் எண்ணெய் நிற்காது. ஸ்க்ரூவின் நுனி நசுங்கிக் காளான் குடை போல விரியும், பட்டையில் அது உட்காரும் குழி ஆழமாகும், புரி தளரும், கடைசியில் எலன் குழியின் மூலைகளும் போகும். உங்கள் மெஷினில் நடந்தது இதே வரிசைதான் என்று மெஷினைப் பார்க்காமலே சொல்வேன்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. ஸ்லைட்டைக் கழற்றும்போது கை, கடையும் பொருளைப் பிடித்துச் சுழலும் சக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மொட்டையான ஸ்க்ரூவை வெளியே எடுக்கத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். நில்லுங்கள். நுனி காளான் போல விரிந்திருந்தால் அதை வெளிப்பக்கமாகத் திருகி எடுக்கக்கூடாது. விரிந்த நுனி வார்ப்பிரும்பில் உள்ள நல்ல புரியை முழு நீளத்துக்கும் சீவிக்கொண்டு வரும். இதை நான் சொந்தக் காசில் கற்கவில்லை, பெக்டரிக் காசில் கற்றேன். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெக்டரியின் வேலைத்தலத்தில் கையாளாகச் சேர்ந்த புதிது. அங்கே இருந்த பழைய இங்கிலாந்து லேத்தின் மேல் ஸ்லைட்டில் இதே மாதிரி ஒரு ஸ்க்ரூ. பலமாகத் திருகி வெளியே இழுத்துவிட்டு, ஸ்க்ரூவின் இடுக்கில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளைப் பார்த்து, அழுக்கு என்று துடைத்தேன். அது அழுக்கல்ல, ஸ்லைட்டின் புரி. அதைச் சரிசெய்யப் போய்ப் பெரிய டெப் போட்டு, டெப்பை உள்ளேயே உடைத்தது இரண்டாவது கெட்டித்தனம். நாங்கள் பெரிய பாஸ் என்று கூப்பிடுகிற மனிதர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு இரும்புக் கட்டையையும் அரத்தையும் கையில் கொடுத்து, ஆறு பக்கமும் மட்டமாக வரும்வரை அராவச் சொன்னார். இரண்டு கிழமை ஆனது.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இப்படி. மூன்று லொக் நட்டையும் தளர்த்தி, ஓரத்து ஸ்க்ரூ இரண்டையும் இரண்டு மூன்று சுற்று வெளியே எடுங்கள். நடு ஸ்க்ரூவில் கீ பிடிக்காது என்பதால் அதற்கு இரட்டை நட் வழி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இரண்டு எம்4 நட் போட்டு, ஒன்றோடொன்று இறுக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு தலை போல ஆகிவிடும். 7 மி.மீ. ஸ்பனரை உள்பக்க நட்டில் போட்டு அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அந்த அரைச் சுற்றே ஸ்லைட்டை விடுவிக்கும். கைப்பிடியைச் சுற்றி ஸ்லைட்டை முழுவதும் வெளியே எடுத்து, ஜிப் பட்டையை உருவிவிட்டு, பிறகு நடு ஸ்க்ரூவை உள்பக்கமாகத் திருகி, டவ்டெயில் பள்ளத்துக்குள் விழ விடுங்கள். வெளி முனையின் புரி நல்லதாக இருக்கும் என்பதால் அது வழியில் எதையும் கெடுக்காது. இரண்டு நட்டுக்கு இடமில்லாமல் முனை குட்டையாக இருந்தால், மெல்லிய வெட்டு வட்டுப் போட்ட கைக்கிரைண்டரால் முனையில் ஒரு கோடு கீறி, மைனஸ் ஸ்க்ரூ டிரைவரால் திருகலாம். சாதாரண இரும்பு வாளால் முயல வேண்டாம். இந்த ஸ்க்ரூக்கள் பதம் ஏற்றியவை, வாள்தான் மழுங்கும். கிரைண்டர் பிடிக்கும்போது ஸ்லைட்டின் ஓடுபாதையை ஈரத்துணியால் மூடுங்கள். அந்தப் பொறியோடு வட்டின் கல்தூளும் பறக்கும், அது பாதையில் உட்கார்ந்தால் அரமாகிவிடும்.

இப்போது ஸ்க்ரூவையும் பட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டையில் மூன்று சின்னக் குழிகள் தெரியும். இந்த ரக மெஷின்களில் பெரும்பாலும் அந்தக் குழி ஸ்க்ரூவுக்கு நேராக விழுந்திருக்காது. ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். ஸ்க்ரூ குழியின் நடுவில் உட்காராமல் அதன் கரையில் சறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்லைட்டை முன்னே தள்ளும்போது பட்டை ஒரு பக்கம் ஏறும், பின்னே இழுக்கும்போது மறு பக்கம் இறங்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு வியாதி இதுதான். இன்னும் இறுக்குவார்கள், இன்னும் கெடும்.

இதைத் திருத்துவது சுலபம். பட்டையை எமரித் தாளில் தட்டையாகத் தேய்த்துப் பிசிறு எடுங்கள். வளைந்திருந்தால் மரக்கட்டை மேல் வைத்துக் கையால் நிமிர்த்துங்கள், சுத்தியல் வேண்டாம். ஸ்லைட்டையும் பட்டையையும் மெஷினில் மறுபடி பொருத்தி, பட்டையின் இரண்டு முனையும் ஸ்லைட்டின் முனைகளோடு சமமாக வரும்படி வைத்து, ஓரத்து ஸ்க்ரூ இரண்டையும் கெட்டியாகப் பிடிக்க வைத்து, நடு ஓட்டைக்குள் 3.2 மி.மீ. ட்ரில் பிட்டை விட்டு, கையாலேயே சுற்றி, அதன் நுனி மட்டும் பட்டையில் ஒரு கூம்புக் குழி போடும்படி செய்யுங்கள். பட்டை மெல்லியது, துளைத்துக்கொண்டு போய்விடக்கூடாது. நடு ஸ்க்ரூ வந்து அதைப் பிடித்த பிறகு ஓரத்து ஓட்டைகளுக்கும் ஒவ்வொன்றாக இதையே செய்யலாம்.

குழி நேரானதும் நுனி. கடையில் கிடைக்கிற தலையில்லாத எலன் ஸ்க்ரூக்களில் நுனி நாலு வகை: தட்டை, கூம்பு, கிண்ணம், குட்டை முளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது கிண்ண நுனி. ஜிப்புக்கு அது ஆகாது. அதன் வட்ட விளிம்பு பட்டையைக் கடித்து மோதிரம் போல வெட்டும். கூம்பு நுனி கேட்டு வாங்கி, அதன் கூர்மையை அரைக்கல்லில் கொஞ்சம் உருட்டி விடுங்கள். கிடைக்காவிட்டால் கைவசம் ஒரு வித்தை இருக்கிறது. சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் குண்டு எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மி.மீ. எம்4 ஓட்டையின் புரி உச்சிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடம் 3.24 மி.மீ. சொச்சம். குண்டு அதற்குள் வழுக்கிக்கொண்டு போய் பட்டையின் கூம்புக் குழியில் உட்காரும். பின்னாலிருந்து தட்டை நுனி ஸ்க்ரூ அதைத் தாங்கும். ஸ்க்ரூ திரும்பினாலும் பட்டை திரும்பப் பார்க்காது, காளான் விரிவதும் இல்லை. நம் மலையில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் குறைவுதான், ஆனாலும் பதுளையிலோ பண்டாரவளையிலோ சைக்கிள் திருத்துகிற கடையில் கேட்டால் பழைய ஃப்ரீவீல் ஒன்றைச் சும்மாவே தருவார்கள். மூன்று குண்டுக்காக முழு ஃப்ரீவீலையும் பிரிக்கும்போது மிச்சக் குண்டெல்லாம் அறை முழுவதும் ஓடும், ஒரு தட்டத்தில் வைத்துப் பிரியுங்கள்.

புரிக்கு இப்போதுதான் வருகிறேன். புது ஸ்க்ரூவைக் கையால் திருகிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் லேசான அசைவு எல்லா ஸ்க்ரூவிலும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையான சோதனை வேறு. ஸ்லைட்டைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூ திரும்பாமல் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள். நட் இறுகும்போது ஸ்க்ரூவைப் புரியின் தளர்வு அளவுக்கு வெளியே இழுக்கும். நல்ல புரியில் ஸ்லைட் ஒரு நூல் இலகுவாகும், அவ்வளவுதான். அந்த நூலுக்காக முதலிலேயே ஒரு நூல் கூடுதலாக இறுக்கிவைப்பதுதான் கைப்பழக்கம். தேய்ந்த புரியிலோ நட் இறுகினதும் ஸ்லைட் மறுபடி கடகடவென்று ஆடும். அப்படி ஆடினால்தான் புரி போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்க்ரூவும் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது புரியின் குற்றமல்ல, மொட்டைக் குழியில் கீ பிடிக்காததன் விளைவு. 7 மி.மீ. ரிங் ஸ்பனரை நட்டில் போட்டு, ஸ்பனரின் வட்டத்துக்குள்ளே 2 மி.மீ. எலன் கீயை விட்டு, ஒரு கை கீயை அசையாமல் பிடிக்க மறு கை ஸ்பனரைத் திருப்பவேண்டும். கீயும் புதிதாக இருக்கட்டும். பழைய கீயின் முனை உருண்டிருந்தால் அரைக்கல்லில் இரண்டு மூன்று மி.மீ. வெட்டி எறிந்துவிட்டால் புது மூலை கிடைக்கும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

புரி உண்மையாகவே போயிருந்தாலும் உடனே ட்ரில்லை எடுக்காதீர்கள். முதலில் ஊதா நிற லொக்டைட் 222 ஒரு துளி விட்டுப் பாருங்கள். சின்ன ஸ்க்ரூக்களுக்கென்றே செய்த இலகுவான பசை அது, பிறகு கீயால் திருப்பலாம். சிவப்பு வகையைப் போட்டுவிட்டு நெருப்பு வைத்துக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே போத்தலின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அதுவும் நிற்காவிட்டால் எம்5. எம்5க்கு ட்ரில் 4.2 மி.மீ., புரி இடைவெளி 0.8. ஓட்டைக்கு மேலும் கீழும் குறைந்தது 2 மி.மீ. வார்ப்பு மிஞ்சுகிறதா என்று வேர்னியரால் முதலில் பாருங்கள். மிஞ்சாவிட்டால் விட்டுவிடுங்கள், கெட்ட புரிக்குப் பதிலாக வைக்கிற ஹெலிகொயில் என்ற கம்பிச் சுருளும் அந்த இடத்துக்குப் பொருந்தாது, அதற்கும் பெரிய ஓட்டைதான் வேண்டும். மிஞ்சினால், ஸ்லைட்டை ட்ரில் மெஷின் வைஸில் பிடித்து, 3.2 பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைப் பழைய ஓட்டைக்குள் விட்டு, அது செங்குத்தாக நிற்கும்வரை ஸ்லைட்டின் சாய்வைச் சரிசெய்த பிறகு துளையுங்கள். வார்ப்பிரும்பில் டெப் போட எண்ணெய் தேவையில்லை. அதற்குள்ளேயே கிராபைட் இருக்கிறது. எண்ணெய் விட்டால் தூள் களியாகி டெப்பில் அப்பும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, இடையிடையே வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். கெட்ட ஓட்டை ஒன்றுக்கு மட்டும் போடுங்கள். மற்ற இரண்டும் எம்4ஆகவே இருக்கட்டும். ஒரே ஸ்லைட்டுக்கு இரண்டு கீ தேடுவது எரிச்சல்தான், நல்ல புரியைத் தோண்டுவதைவிட எரிச்சல் மேல். எம்5 எலன் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. கீ வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தோட்டத்துப் பழைய வேலைத்தலங்களிலிருந்து வந்த கருவிப் பெட்டிகளில் இருப்பதெல்லாம் அங்குலக் கீ. 3/32 கீ என்பது 2.38 மி.மீ. 2.5 குழிக்குள் அது போகும், பிடிப்பது போலவும் இருக்கும், இரண்டு நாளில் மூலையைத் தின்றுவிடும்.

அங்குலம் என்றதும் இன்னொன்று, உங்களுக்காக அல்ல, பழைய இங்கிலாந்து மெஷின் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக. மைஃபோர்ட் போன்ற லேத்துகளில் சின்ன ஸ்க்ரூக்கள் பல பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய இங்கிலாந்துப் புரியில் இருக்கும். 2 பி.ஏ. என்பது 4.7 மி.மீ. தடிப்பு, 0.81 இடைவெளி. எம்5 ஸ்க்ரூ 5 மி.மீ., 0.8 இடைவெளி. இடைவெளி ஒன்று போலவே இருப்பதால் எம்5 வாயில் பிடித்துக்கொள்ளும், பிறகு இறுகும், "கொஞ்சம் பலமாகத் திருகினால் போய்விடும்" என்று தோன்றும். போகும், புரியையும் கூட்டிக்கொண்டு போகும். மெஷின் எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூ வாங்குங்கள்.

சரி, நடு ஸ்க்ரூவை இனிப் பிரேக்காகப் பாவிக்கக்கூடாது என்றால் ஸ்லைட்டை எதனால் பிடிப்பது? பிடிக்கத்தான் வேண்டும். நீளவாக்கில் கடையும்போது அசையாத ஸ்லைட் நல்ல பழக்கம், அந்த எண்ணத்தில் உங்களிடம் தவறில்லை. அதற்கென்று தனியாக ஒரு பூட்டு வையுங்கள். நடு ஸ்க்ரூவுக்கும் பின் ஸ்க்ரூவுக்கும் இடையில், ஜிப்பைக் கழற்றிவிட்டு, ஸ்லைட்டில் மட்டும் புதிதாக ஒரு எம்5 ஓட்டை. அதற்குள் முதலில் 4 மி.மீ. தடிப்பில், 5 மி.மீ. நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு. அதன் முன்முனையை டவ்டெயிலின் சாய்வுக்கு அராவி, பட்டையில் முழு முகமும் படும்படி உட்கார வையுங்கள். அதற்குப் பின்னால் ஒரு எம்5 போல்ட், அதன் தலையில் சின்னக் கைப்பிடி. கால் சுற்றில் பூட்டும், கால் சுற்றில் திறக்கும். அழுத்தம் பித்தளை முகத்தில் பரவிப்போகும். தேய வேண்டிய பொருள் பித்தளை, அதைப் பத்து நிமிடத்தில் மறுபடி கடையலாம். தேயிலை உருட்டுகிற பெக்டரி ரோலரில் பித்தளை பெட்டன் (வரிப்பட்டை) தேய்ந்தால் பெட்டனைத்தானே மாற்றுகிறோம், ரோலரையா தூக்கி எறிகிறோம்? ஒன்று மட்டும்: இந்தப் பித்தளைத் துண்டை மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் போட்ட பிறகு லேத் தேவைப்படுவது லேத் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு முறையாவது வருகிற கஷ்டம்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. மூன்று வருடம் நடுவில் மட்டும் அழுத்தியதால் ஸ்க்ரூ மட்டும் தேய்ந்திருக்காது, டவ்டெயிலும் அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். உங்களிடம் வருவதற்கு முன் அந்த மெஷின் யாரிடம் எத்தனை வருடம் இருந்ததோ, அதுவும் சேர்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இந்தக் கதையில் ஆடுகிறவள்மேல் குற்றமில்லை, சில வேளை கூடமே கோணல்தான். பார்க்கும் முறை இது. கைப்பிடியால் சுற்றி ஸ்லைட்டை நகர்த்துகிற திருகுத்தண்டைக் கழற்றிவிட்டு, ஸ்லைட்டைக் கையால் மட்டும் முன்னும் பின்னும் தள்ளும்படி செய்யுங்கள். பாதையின் நடுவில் ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை வைத்து, ஓரம்வரை தள்ளுங்கள். ஓரத்தில் இறுகி நின்றால் நடு தேய்ந்திருக்கிறது. எவ்வளவு என்று தெரிய, டூல் போஸ்ட்டில் ஒரு நீளமான கம்பியைப் பிடித்து, அதன் முனையில் டயல் கேஜ் வைத்து, கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்து, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் வாசிப்பைக் குறியுங்கள். ஜிப்பை ஓரத்துக்குச் சரிசெய்து வைத்தபின் நடுவில் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நான் ஒன்றும் செய்யமாட்டேன், உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன்.

எப்போதும் இறுக்கமான இடத்துக்குத்தான் ஜிப்பைச் சரிசெய்யவேண்டும், தளர்ந்த இடத்துக்கு அல்ல. தளர்ந்த நடுவுக்குச் சரிசெய்துவிட்டு, ஓரத்தில் இறுகும்போது கைப்பிடியைப் பலமாகச் சுற்றுகிறவர்கள் ஸ்க்ரூ, நட், திருகுத்தண்டு மூன்றையும் ஒரே நாளில் தேய்க்கிறார்கள். இன்னும் மோசமான வைத்தியம் ஒன்று நம் பக்கத்து வாகன வேலைத்தலங்களில் உண்டு. வால்வு அரைக்கிற பேஸ்ட்டைப் பாதையில் பூசி, ஸ்லைட்டை நூறு தடவை முன்னும் பின்னும் ஓட்டிச் "செட்" ஆக்குவது. அந்தக் கல்தூள் வார்ப்பிரும்பின் முகத்தில் புதைந்துகொள்ளும், மண்ணெண்ணெயில் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. அதற்குப் பிறகு மெஷின் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஜிப்பின் ஆட்டத்தையும் திருகுத்தண்டின் ஆட்டத்தையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். கைப்பிடியைத் திசை மாற்றும்போது கொஞ்சத் தூரம் வெறுமனே சுற்றுகிறதே, அது தண்டும் அதன் பித்தளை நட்டும் தேய்ந்தது. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. போகும் டயலில் 40 கோடு இருந்தால் ஒரு கோடு 0.025. நாலைந்து கோடு வெறுஞ்சுற்று என்பது இந்த ரகத்துக்குச் சாதாரணம். அளவுக்கு எப்போதும் ஒரே திசையிலிருந்து, உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால் அது ஒரு தொல்லையே தராது. ஜிப்பை இறுக்கி அந்த வெறுஞ்சுற்றைப் போக்க முடியாது. கடைந்த இடம் வரிவரியாக வருவதற்கு அது காரணமும் அல்ல.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் விடமுடியாது. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும். நம் வீடுகளில் காலையில் போத்தலில் வெள்ளையாக நிற்பதைப் பார்க்கிறோமே, அதேதான் ஜிப்புக்குள்ளும் நிற்கும். போதாததற்குப் பழையதானால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, ஓடிவிடும். வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் எண்ணெயில் இரும்புத்தூளும் புளிப்பும் உண்டு. 68 என்று போட்ட ஸ்லைட்வே எண்ணெய் அல்லது அதே கனத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு லீற்றர் வாங்கினால் உங்களுக்கு வருடக்கணக்கில் போதும். இரவு குளிர்ந்த இரும்பின்மேல் காலை மூடுபனி பட்டால் வியர்க்கும். ஆகவே வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, பழைய போர்வையால் மூடுங்கள். பொலித்தீனால் மூடினால் உள்ளே ஈரம் அடைத்து இன்னும் துருப்பிடிக்கும்.

குரொஸ் ஸ்லைட்டைச் சுமந்து ஓடும் சேடிலுக்குக் கீழே, அது ஓடுகிற நீளப் பாதையான பெட்டின் அடியைப் பிடிக்கும் இரண்டு தட்டுகளிலும் இதே மாதிரித் தள்ளும் ஸ்க்ரூவும் இழுக்கும் ஸ்க்ரூவும் இருக்கும். அவற்றோடு போராடாதீர்கள். தட்டைக் கழற்றி, குளிர்பான டின்னின் சுவரை வெட்டி இடையில் வைத்தால் ஒரு மடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ. வேண்டிய தடிப்புக்கு மடிப்பைக் கூட்டிக் குறைத்து, இழுக்கும் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிடலாம். பிறகு அது தானாகத் தளராது.

புது ஸ்லைட்டா என்ற கேள்விக்கு: இப்போது வேண்டாம். புது ஸ்லைட் வந்தாலும் அது ஓடப்போவது அதே தேய்ந்த பாதையில்தான், நடு ஸ்க்ரூவை இறுக்கப்போவதும் அதே கை. இதுவரை சொன்னதைச் செய்ய உங்களுக்கு இரண்டு சனிக்கிழமை போதும். அதற்குப் பிறகும் டயல் கேஜ் நடுவில் 0.1 மி.மீ. ஆட்டம் காட்டினால், ஸ்லைட்டையும் கீழ்ப் பாதையையும் சேர்த்து, சர்ஃபேஸ் கிரைண்டர் உள்ள ஒரு வேலைத்தலத்துக்குக் கொடுக்கலாம், அல்லது உட்கார்ந்து கையால் சுரண்டி மட்டமாக்கலாம், அதாவது ஸ்க்ரேப் செய்யலாம். ஸ்க்ரேப் செய்வது எப்படி என்பது இன்னொரு நீளமான கடிதம்.

மூன்று வாசிப்பையும் எழுதி அனுப்புங்கள்: முன் ஓரம், நடு, பின் ஓரம். மொடலை எந்த அளவில் செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். நம் தண்டவாளம் 1676 மி.மீ. அகலம். 32இல் ஒரு பங்கு என்றால் 52 மி.மீ. சொச்சம் வரும், கடையில் வாங்கக் கிடைக்கும் 45 மி.மீ. மொடல் தண்டவாளத்துக்கு அது பொருந்தாது. சக்கரம் முழுவதையும் நீங்களேதான் கடையவேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் சக்கரம் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே இந்த ஸ்லைட்டை முடித்துவிடுங்கள்.